முதலில் உயரம், பிறகு முன்பதிவு

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் உள்ள யோசெமிட்டி தேசியப் பூங்காவில் கூடாரம் போட்டுத் தங்க நினைப்பவர்கள் முதலில் தேடுவது, பள்ளத்தாக்கில் இருக்கும் அப்பர் பைன்ஸ் முகாமைத்தான். அருவிகள் பக்கத்திலேயே இருப்பதால் அந்த ஆசை நியாயமானதே. ஆனால் பெயரைவிட உயரத்தையும் மாதத்தையும் பார்த்துத்தான் இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பள்ளத்தாக்கின் உயரம் சுமார் 1,200 மீட்டர். அதே பூங்காவில் மேலே இருக்கும் டுவாலமி புல்வெளி முகாமின் உயரம் சுமார் 2,600 மீட்டர். உருகும் பனியால் பெருகி மே மாதத்தில் ஆர்ப்பரிக்கும் யோசெமிட்டி அருவி, ஆகஸ்டில் பெரும்பாலும் வற்றிவிடும். கீழே வெயில் கொளுத்தும் அந்த நாட்களில் மேலே இதமான குளிர். ஏப்ரலிலோ மேலே போகும் டையோகா சாலையே பனியால் மூடிக்கிடக்கும்.

இடம் கிடைப்பதே அரிது, இதில் தேர்வு எங்கே என்று கேட்கலாம். அரிது என்பதால்தான் முன்கூட்டியே முடிவெடுக்க வேண்டும். அப்பர் பைன்ஸில் கோடைக்கால இடங்களுக்கான முன்பதிவு ஐந்து மாதங்களுக்கு முன்பே, 15ஆம் தேதி காலை 7 மணிக்குத் திறக்கும். சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். ரத்தாகும் இடங்கள் மறுபடி பதிவுக்கு வரும் என்பதால், பயண நாள் நெருங்கும்போதும் பார்த்துக்கொண்டே இருங்கள். உயரத்தில் தலைவலிக்குமே என்ற அச்சத்திலும் உண்மை உண்டு. முதல் இரவைக் கீழே கழித்துவிட்டு மேலே போகலாம். எங்கே தங்கினாலும் உணவை அங்குள்ள இரும்புப் பெட்டியில் பூட்டி வையுங்கள், கரடிகள் வரும்.