வெள்ளறுகை வேரோடு பிடுங்காதீங்க
(கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில் கொடுங்கையூர் குழுவினர் பேசியது)



எங்க ஊர்ப் பேரைச் சொன்னாலே குப்பைமேடுதான் நினைவுக்கு வரும். 1980களிலிருந்து சென்னையின் குப்பை அங்கே கொட்டப்பட்டு வருகிறது. குப்பைமேட்டுக்காரங்களுக்கு மூலிகையைப் பற்றி என்ன தெரியும்னு நீங்க கேட்கலாம். நாங்க செய்த தப்புகளைச் சொல்லத்தான் வந்திருக்கோம்.

வெள்ளறுகு உங்களில் பலருக்குத் தெரிந்த செடிதான். பேரில் அறுகு இருந்தாலும் இது புல் இல்லை. ஒரு சாண் உயரம் இருக்கும். ஒல்லியான இலைகள் எதிரெதிராக இருக்கும். ஒவ்வொரு கணுவிலும் சின்ன வெள்ளைப் பூக்கள் கொத்தாகப் பூக்கும். இலையைக் கடித்தால் ஒரே கசப்பு. வரப்பிலும் தரிசிலும் முளைக்கும். கடலோர மணல்பாங்கான நிலத்தில் அதிகம். தாவர நூலில் இதை ஜென்ஷியன் குடும்பத்தில் சேர்த்திருக்காங்க. இமயமலையில் விளையும் சிராயதாவும் அதே குடும்பம்தான். அதனால்தான் வடநாட்டில் வெள்ளறுகை 'சோட்டா சிராயதா', அதாவது சின்ன சிராயதா என்கிறார்கள். காய்ச்சலுக்குக் குடிநீர் வைக்கும் நிலவேம்பு வேறு குடும்பம். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

எங்க முதல் தப்பு என்னன்னா, குப்பைமேட்டை ஒட்டிய பாதையிலும் கால்வாய்க் கரையிலும் இருந்த செடியைப் பறித்துக் காய வைத்தோம். சும்மா கிடைக்குதே என்று சந்தோஷப்பட்டோம். ஒரு சித்த மருத்துவரிடம் காட்டியபோது, "எங்கே பறிச்சீங்கம்மா?" என்றுதான் முதலில் கேட்டார். குப்பை மண்ணில் ஈயம், காட்மியம் மாதிரி உலோகங்கள் இருக்கும், செடி அதை உறிஞ்சிக்கொள்ளும், கழுவினாலும் கொதிக்க வைத்தாலும் போகாது என்று விளக்கினார். காய வைத்த அத்தனையையும் கொட்டிவிட்டோம்.

அப்புறம் மீஞ்சூர் பக்கத்துச் சகோதரிகளிடம் விதையும் மண்ணும் வாங்கி, மாடியில் தொட்டி வைத்தோம். அங்கே இரண்டாவது தப்பு. விதை பொடிப் பொடியாக இருக்கும். அதை விரல் ஆழத்தில் புதைத்தோம். ஒன்றுகூட முளைக்கவில்லை. அடுத்த முறை விதையை உலர்ந்த மணலோடு கலந்து மேலாகத் தூவி, பூவாளியால் மெதுவாகத் தண்ணீர் தெளித்தோம். முளைத்தது. வெயில் படும் இடம் வேணும். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும். அதனால் செம்மண்ணோடு மணலைத் தாராளமாகக் கலந்து, கொஞ்சம் மக்கிய தொழு உரம் போட்டால் போதும்.

மூன்றாவதுதான் முக்கியமான விஷயம். வியாபாரிகள் சமூலமாக, அதாவது வேர் முதல் பூ வரை, முழுச் செடியாகக் கேட்பாங்க. காசு வருதேன்னு வரப்பில் இருப்பதையெல்லாம் பிடுங்கினால், அடுத்த வருஷம் முளைக்க விதை ஏது? இது பல வருஷம் வாழும் செடி. எங்க தொட்டியில் நாலு விரல் உயரம் விட்டு அறுத்தோம். மறுபடி துளிர்த்தது. இலை தண்டு மட்டும் வேணும்னா அறுத்துக் கொடுங்க. முழுச் செடிதான் வேணும்னா, பாத்தி போட்டு வளர்த்ததிலிருந்து எடுங்க. அதிலும் ஒன்று விட்டு ஒன்று எடுத்து, மீதியை விதைக்கு விடுங்க. அறுத்ததைக் கழுவி நிழலில் உலர்த்துங்க.

இன்னொன்றும் சொல்லியாகணும். சொறி, சிரங்குக்கு அரைத்துப் பூசுவதும், பசி எடுக்கக் கொடுப்பதும் பழைய வழக்கம். சர்க்கரையைக் குறைக்குமா என்று எலிகளுக்குக் கொடுத்து ஆய்வு செய்து, குறைந்ததாக எழுதியிருக்காங்க. ஆனால் எலி வேறு, நாம வேறு. எங்க குழுவில் ஒரு அக்கா மாத்திரையை நிறுத்திவிட்டு இந்தக் கசாயத்தை மட்டும் குடித்தாங்க. இருபதாம் நாள் மயங்கி விழுந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பிழைத்தது புண்ணியம். மாத்திரையோடு சேர்த்துக் குடிப்பதையும் நீங்களாக முடிவு செய்யாதீங்க. அரசு மருத்துவமனையில் உள்ள சித்தப் பிரிவிலோ, தாம்பரம் சானடோரியத்தில் 2005இல் திறந்த தேசிய சித்த மருத்துவ நிறுவனத்திலோ கேட்டுச் செய்யுங்க.

சகோதரிகளே, எங்களுக்கு நல்ல மண் இல்லை, உங்களுக்கு இருக்கு. உங்ககிட்ட ஒரே ஒரு வேண்டுகோள். வரப்பில் ஒரு மூலையை மட்டும் அறுக்காமல், விதை முற்றும் வரை விடுங்க. அந்த விதையில் ஒரு பிடி எங்களுக்கும் கொடுங்க. நீங்க கொடுக்கும் மண்ணிலேயே நாற்று வளர்த்து உங்களுக்குத் திருப்பித் தருகிறோம். வாங்கிய கடனைத் தவணை தவறாமல் கட்டும் குழு நாங்க. இந்தக் கடனையும் கட்டுவோம்.