நாலு பேரா, நான்கு மடங்கா?



1987ஆம் ஆண்டு தீபாவளிக்கு வெளியான 'நாயகன்' திரைப்படத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். மணிரத்னம் இயக்கி, கமல்ஹாசன் நடித்த படம். நடிப்பு, ஒளிப்பதிவு, கலை இயக்கம் ஆகியவற்றுக்காக 3 தேசிய விருதுகள் பெற்றது. 2025 நவம்பரில் அது மீண்டும் திரையரங்குகளுக்கு வந்தது. அதையொட்டி, பங்கின் இளையோர் சிலரோடு நாமும் அதை மறுபடியும் பார்த்தோம்.

அன்று மீசை அரும்பிய வயது. வேலு நாயக்கர் வெள்ளை வேட்டியில் நடந்து வரும்போதெல்லாம் விசிலடித்தோம். அரங்கை விட்டு வெளியே வந்து இராயபுரத்துத் தெருவில் நடந்தபோது, நாமும் வேலு நாயக்கராகத்தான் நடந்தோம்.

மும்பையில் ரயில் நிலையப் போர்ட்டராகத் தொடங்கிய வரதராஜ முதலியாரின் வாழ்க்கையைத் தழுவிய கதை என்பார்கள். படம் வெளியான சில மாதங்களில், 1988 ஜனவரியில், அவர் இறந்தது நம் சென்னையில்தான். தாராவி என்று நாம் பார்த்த குடிசைகளும் பெரும்பாலும் சென்னையில் தோட்டா தரணி போட்ட செட்டுதான். ஆகவே இது தூரத்துக் கதை அல்ல.

நாலு பேருக்கு நல்லது என்றால் எதுவும் தவறில்லை: இதுதான் வேலுவை வளர்த்தவர் அவனுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். அந்தப் பாடத்தை அன்று நாமும் மனப்பாடம் செய்துகொண்டோம். இந்த முறை பார்த்தபோது, அந்த நாலு பேருக்குள் வராத ஒருவன்மீதே நம் கண் நின்றது.

கொடுமைக்கார போலீஸ் அதிகாரியை வேலு கொல்கிறான். பிறகுதான் அவருக்கு மனவளர்ச்சி குன்றிய ஒரு மகன் இருப்பது தெரிகிறது. அந்தக் குடும்பத்துக்கு அவன் வாழ்நாளெல்லாம் உதவுகிறான். ஆனால் அவன் தந்தையைக் கொன்றது யார் என்ற உண்மை மட்டும் நாயக்கர் வாயிலிருந்து வரவில்லை. கடைசியில் நீதிமன்றம் அவரை விடுவிக்கிறது; வெளியே வந்தவரை அந்த மகன் சுட்டுவிடுகிறான். அன்று நாயக்கருக்காக அழுதோம். இன்று துப்பாக்கி பிடித்த அந்தப் பிள்ளைக்காக அழுதோம்.

அன்புக்குரியவர்களே, லூக்கா நற்செய்தி 19ஆம் அதிகாரத்தில் வரும் சக்கேயுவை நினைத்துப் பாருங்கள். அவரும் பிறர் பணத்தில் செல்வரானவர்தான். இயேசு வீட்டுக்கு வந்ததும் அவர் எழுந்து நின்று, உடைமையில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகச் சொல்கிறார். அதோடு நிறுத்தவில்லை. எவரையாவது ஏமாற்றியிருந்தால் நான்கு மடங்காகத் திருப்பிக் கொடுப்பதாகவும் சொல்கிறார். முதலாவது தர்மம்; இரண்டாவது நீதி. நாயக்கர் முதலாவதை வாரி வாரிச் செய்தார். இரண்டாவதை அவரால் தொடங்கவே முடியவில்லை. பறித்த உயிருக்கு நான்கு மடங்கு ஏது? அவர் கொடுத்திருக்கக்கூடியது உண்மை ஒன்றுதான். அதைத்தான் அவர் கொடுக்கவில்லை.

நன்மை விளையும் என்பதற்காகத் தீமை செய்யலாகாது என்பது நம் திருச்சபையின் போதனை. திருத்தூதர் பவுல் உரோமையருக்கு எழுதிய திருமுகம் 3ஆம் அதிகாரத்திலும், மறைக்கல்வி ஏடு 1756ஆம் எண்ணிலும் இதைக் காணலாம்.

காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை வாழும் நமக்கு இது ஏட்டுப் பாடம் அல்ல. சில மாதங்களுக்கு முன் ஒரு தாய் பங்கு இல்லத்துக்கு வந்தார்.

"ஃபாதர், இவங்க அப்பா ஆஸ்பத்திரியில கிடந்தப்ப அந்த அண்ணன்தான் பணம் கட்டினாரு. இப்ப பையன் அவரு கூடவே சுத்துறான். என்ன சொல்லி நான் தடுக்கிறது? போன வருஷம் திருவிழாவுல அவரு போட்டுக்குடுத்த பந்தல்லதானே நாம எல்லாரும் உக்காந்தோம்?"

நம்மிடம் பதில் இல்லை. பந்தலுக்குப் பணம் வந்தபோது, அது யாரிடமிருந்து பறிக்கப்பட்டது என்று நாம் கேட்கவில்லை. நாலு பேருக்கு நல்லதுதானே என்று நாமும் இருந்துவிட்டோம்.

அந்தத் தாயைக் குறை சொல்ல முடியாது. மற்ற வாசல்களெல்லாம் மூடிக்கிடந்த இரவில் அவருக்கு அண்ணன் வாசல்தான் திறந்திருந்தது. கோவில் வாசலும் அன்று மூடியிருந்தது. படத்திலும் மக்கள் நாயக்கரைத் தேடிப் போவது அதனால்தான். வாசலைத் திறக்காமல், 'அங்கே போகாதே' என்று பிள்ளைகளுக்குச் சொல்ல நமக்கு உரிமை இல்லை.

எனவே இவ்வாண்டு திருவிழாப் பந்தல் சிறிதாகத்தான் இருக்கும். அன்பியங்கள் வீடு வீடாகத் திரட்டும் பணத்தில் மட்டுமே அது எழும். மிச்சத்தை வின்சென்ட் தே பவுல் சபையார் மருத்துவ உதவிக்கு வைப்பார்கள். நள்ளிரவிலும் பங்கு இல்லக் கதவைத் தட்டலாம். அந்தத் தாயின் மகன் இன்னும் திரும்பவில்லை. அவனுக்காகச் செபியுங்கள்.

நல்லவரா, கெட்டவரா என்று பேரப்பிள்ளை கேட்கும்போது நாயக்கரிடம் பதில் இல்லை. நமக்கும் அந்தத் தீர்ப்பு தேவையில்லை, அது இறைவனுடையது. இயேசு சக்கேயுவிடம் அதைக் கேட்கவில்லை. மரத்திலிருந்து இறங்கி வரச் சொன்னார், அவ்வளவுதான். இந்த வாரம் ஒப்புரவு அருளடையாளத்துக்கு வரும்போது, எத்தனை பேருக்குக் கொடுத்தோம் என்று எண்ண வேண்டாம். யாரிடமிருந்து எடுத்தோம், அவர் முகம் பார்த்து அதைச் சொன்னோமா என்று எண்ணுவோம். இறங்கி வர இறைவன் நமக்கு அருள் தருவாராக. ஆமென்.