மாநிறமும் பட்டும்

மகளுக்கு முகூர்த்தப் பட்டெடுக்கத் தில்லியில் கரோல்பாகிற்குச் சென்றிருந்தோம். அவள் மேனி இளம்பச்சைச் சாயல் ஓடிய மாநிறம். நம்மவரிற் பலர்க்கும் அதுவே. "என் நிறத்துக்கு வெளிர் மஞ்சள்தானே அப்பா பொருந்தும்?" என்றாள். உறவினர் சொல்லிச் சொல்லி விளைந்த அச்சம் அது. வெளிர் மஞ்சளோ அச்சாயலைத் தூண்டி, முகத்தைச் சோகை பிடித்தாற்போற் காட்டிற்று. குறை மேனியினுடையதன்று. அரக்கு நிறத்தைத் தோளிலிட்டதும் முகம் தெளிந்தது. மயில்கழுத்து இன்னும் நன்று. பாவு ஒரு நிறம், ஊடை வேறு நிறமாதலின், அசையுந்தோறும் நீலமும் பச்சையும் மாறி மாறித் தோன்றும். வெளிர்ப் புடவையே வேண்டுவோர் முந்தானையேனும் ஆழ்ந்த நிறமாயுள்ளதைக் கொள்ளலாம். காஞ்சிபுரத்தார் அவ்வாறு கோத்து நெய்வர். கடை விளக்கு நிறத்தைத் திரித்துக் காட்டுமாதலால், இரண்டையும் வாசலுக்குக் கொணர்ந்து பகலொளியில் பார்த்தோம். மயில்கழுத்தை அவளே எடுத்துக்கொண்டாள்.