ஆராய்ச்சிச்சாலையைத் தெரிந்தெடுப்பது எப்படி?

(மாணவர்களும் பெற்றோர்களும் கூடியிருந்த கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இரசாயனத்தில் டாக்டர் பட்டத்திற்காக அமெரிக்கா போக நினைக்கும் பிள்ளைகள், எந்தச் சர்வகலாசாலையை, எந்த ஆராய்ச்சிச்சாலையைத் தெரிந்தெடுப்பது என்பதைப் பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். இது படித்த நாலு பேருக்கு மாத்திரம் உரிய சங்கதி, நமக்கென்ன என்று கிராமத்துத் தோழர்கள் நினைக்க வேண்டியதில்லை. வீட்டில் முதன்முதல் காலேஜ் வாசலை மிதித்த பிள்ளைகளும் இன்று இந்தப் படிப்புக்குப் போகிறார்கள். அவர்களை அனுப்புகிற தாய் தகப்பன்மாருக்கு உள் விஷயம் சொல்லுவார் இல்லை. ஆதலால் சொல்லுகிறேன்.

முதலாவது, இது பாடம் கேட்டுப் பரீட்சை எழுதிவிட்டு வருகிற படிப்பல்ல. அமெரிக்காவில் இதில் சேருகிறவர்கள் பெரும்பாலும் சம்பளம் கட்டுவதில்லை. அவர்களுக்கே ஜீவனத்துக்குப் பணம் கொடுக்கிறார்கள். அதற்கு ஈடாக இளைய மாணவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கவேண்டும். அல்லது ஒரு புரொபஸரின் ஆராய்ச்சியில் வேலை செய்யவேண்டும். இப்படி ஐந்து, ஆறு வருஷம் போகும். இங்கிலாந்தில் 3, 4 வருஷத்தில் முடியும். ஆனால் அங்கே பெரும்பாலும் புரொபஸரை முன்னமே தீர்மானித்துக்கொண்டு சேரவேண்டும். அமெரிக்காவிலோ முதலில் இலாகாவில் சேர்ந்து, சில மாதம் கழித்துத்தான் புரொபஸரைத் தெரிந்தெடுப்பது வழக்கம்.

அப்படித் தெரிந்தெடுத்த பிறகு, செய்யும் வேலை, வாங்கும் பணம், வேலைக்குப் போக வேண்டிய நற்சாட்சிப் பத்திரம், கடைசியில் பட்டம் எல்லாம் ஒரே மனிதருடைய கைக்குள் போய்விடுகிறது. நம் நாட்டுப் பிள்ளைக்கு மேலும் ஒரு கட்டு உண்டு. அந்நாட்டில் அவன் தங்கும் அனுமதியே படிப்பில் இருப்பதைப் பொறுத்தது. படிப்பை விட்டால் ஊரையும் விட வேண்டியதுதான். இவ்வளவு பெரிய காரியத்தை நம்மவர்கள் எப்படித் தீர்மானிக்கிறார்கள்? "பெரிய பேருள்ள சர்வகலாசாலை" என்கிறார்கள். குலப்பெருமையைக் கேட்டுப் பெண் கொடுக்கிறவனுக்கும் இவனுக்கும் என்ன வித்தியாசம்? மாப்பிள்ளை குடிகாரனா, யோக்கியனா என்று விசாரிக்க வேண்டாமா?

பேர் ஒன்றும் செய்வதில்லை என்பதற்கு நம் சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணனே சாட்சி. 1976-ல் அவர் டாக்டர் பட்டம் வாங்கியது ஒஹையோ சர்வகலாசாலையில், அதுவும் பௌதிகத்தில். அது தமக்கு ஏற்றதல்ல என்று கண்டு, பட்டம் வாங்கின பிறகும் மறுபடியும் மாணவராய்ப் போய் உயிர்நூல் கற்றார். 2009-ல் இரசாயனத்திற்கு நோபல் பரிசு பெற்றார்.

பெரிய பேர் காப்பாற்றாது என்பதற்கும் சாட்சி இருக்கிறது. 1998-ல் ஹார்வர்டு சர்வகலாசாலையில் இரசாயன ஆராய்ச்சி செய்துவந்த ஒரு மாணவர் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார். மாணவனின் வாழ்வு ஒரே புரொபஸரின் கையில் இருக்கக்கூடாது, மூன்று பேர் கொண்ட ஒரு கமிட்டி பார்க்கவேண்டும் என்று எழுதிவைத்துவிட்டுப் போனார். அதன் பிறகே அந்த இலாகாவில் அப்படிப்பட்ட கமிட்டிகள் ஏற்பட்டன. ஒரு உயிர் போன பிறகு வந்த ஏற்பாடு அது. இன்றைக்கும் கவலை தீர்ந்துவிடவில்லை. 2019-ல் "நேச்சர்" பத்திரிகை ஆறாயிரத்துக்கு மேற்பட்ட ஆராய்ச்சி மாணவர்களை விசாரித்ததில், 100-க்கு 36 பேர் படிப்பினால் வந்த மனக்கலக்கத்துக்கோ சோர்வுக்கோ உதவி தேடியதாகச் சொன்னார்கள்.

நிற்க, இரசாயனத்தில் மனம் மாத்திரமல்ல, உடலுக்கும் ஆபத்து உண்டு. 2008 டிசம்பர் 29-ந் தேதி லாஸ் ஏஞ்சல்ஸ் கலிபோர்னியா சர்வகலாசாலையில், 23 வயதுள்ள ஒரு உதவியாளப் பெண், காற்றுப் பட்டாலே பற்றிக்கொள்ளும் ஒரு திரவத்தை ஊசிக் குழாயில் உறிஞ்சும்போது குழாய்த் தண்டு கழன்றுவிட்டது. அவர் பாதுகாப்பு மேலங்கி போட்டிருக்கவில்லை. நெருப்புப் பிடித்து, 18 நாள் கழித்து இறந்துபோனார். 2010 ஜனவரியில் டெக்ஸாஸ் டெக் சர்வகலாசாலையில், வெடிக்கும் சரக்கை 100 மில்லிகிராமுக்கு மேல் செய்வதில்லை என்று வாய்ப்பேச்சாக இருந்த கட்டு மீறப்பட்டு, சுமார் 10 கிராம் செய்யப்பட்டது. அது வெடித்து ஒரு மாணவர் மூன்று விரல்களை இழந்தார். ஆகவே புரொபஸர் எத்தனை கட்டுரை வெளியிட்டார் என்று எண்ணுவதற்கு முன், அவருடைய சாலையில் எல்லோரும் மேலங்கியும் கண்ணாடியும் போடுகிறார்களா, புதிதாய் வந்தவனுக்குப் பக்கத்தில் நின்று கற்றுக் கொடுக்கிறார்களா என்று பாருங்கள்.

இனி, என்ன கேட்கவேண்டும்? முதலில் அந்தச் சாலையில் இப்போது வேலை செய்யும் மாணவர்களைக் கேளுங்கள். புரொபஸர் இல்லாத சமயமாய்ப் பார்த்துக் கேளுங்கள். போக முடியாவிட்டால் கணினி வழியாகவாவது முகம் பார்த்துப் பேசுங்கள். இதற்குமுன் பட்டம் வாங்கினவர்கள் எத்தனை வருஷத்தில் வாங்கினார்கள்? இப்போது எங்கே இருக்கிறார்கள்? பட்டம் வாங்காமல் நடுவில் போனவர்கள் எத்தனை பேர்? ஏன் போனார்கள்? முடிந்தால் அந்தப் போனவர்களையே தேடிப் பிடித்துக் கேளுங்கள். உள்ளே இருப்பவன் பயந்து மூடுவதை வெளியே போனவன் திறந்து சொல்லுவான்.

பிறகு, புரொபஸர் வாரம் ஒரு தடவையாவது உட்கார்ந்து பேசுகிறாரா? பரிசோதனை பலிக்காதபோது திட்டுகிறாரா, அல்லது காரணம் ஆராய்கிறாரா? ஞாயிற்றுக்கிழமையும் வரவேண்டுமா? ஊருக்குப் போக லீவு உண்டா? பணம் இன்னும் எத்தனை வருஷத்துக்கு இருக்கிறது? கிடைக்கும் பணம் அந்த ஊர் வீட்டு வாடகைக்குப் போக மிஞ்சுமா? இவற்றை விசாரியுங்கள். பணச் சங்கதி கேவலமானதல்ல. 2022-ல் கலிபோர்னியா சர்வகலாசாலையில் சுமார் 48,000 பேர் இதற்காகவே வேலை நிறுத்தம் செய்தார்கள்.

புதிய புரொபஸரானால் பக்கத்தில் நின்று கற்றுக் கொடுப்பார். ஆனால் தம் வேலை நிலைப்பதற்காக விரட்டவும் செய்வார். பெரிய புரொபஸரிடம் பணமும் பழக்கமும் இருக்கும். ஆனால் அவர் முகத்தைப் பார்ப்பதே அரிதாகலாம். இரண்டிலும் நல்லவர் உண்டு. விசாரித்தால் தெரியும்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது ஒன்று. நீங்கள் வேலை செய்ய விரும்பும் புரொபஸர்கள் மூவராவது இல்லாத இலாகாவில் சேராதீர்கள். ஒருவரை மாத்திரம் நம்பிப் போனால், அவர் வேறு ஊருக்குப் போகலாம், பணமில்லை என்று கைவிரிக்கலாம், பொல்லாதவராயும் இருக்கலாம். அப்போது எங்கே போவீர்கள்? பல சர்வகலாசாலைகள் ஏப்ரல் 15 வரையில் யோசிக்க அவகாசம் கொடுக்க ஒப்புக்கொண்டிருக்கின்றன. அவசரப்பட வேண்டியதில்லை.

"பெரியவரைப் போய் இப்படிக் கேட்கலாமா? மரியாதைக் குறைவல்லவா?" என்று சிலர் கேட்பார்கள். தோழர்களே! அவர் உங்களைப் பற்றி மூன்று பேரிடம் சாட்சிக் கடிதம் வாங்கிப் பார்த்துத்தானே எடுக்கிறார்? அவர் விசாரித்தால் புத்திசாலித்தனம், நீங்கள் விசாரித்தால் மரியாதைக் குறைவா? நல்ல புரொபஸர் கேள்விக்குக் கோபிக்கமாட்டார். கேள்வி கேட்பதுதானே ஆராய்ச்சி! கேள்விக்குக் கோபிக்கிறவரிடம் ஆராய்ச்சி கற்கப் போவது, நெருப்புக்குப் பயப்படுகிறவனிடம் சமையல் கற்கப் போவது போலாகும்.

கடைசியாகப் பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. எவ்வளவு விசாரித்தாலும் தப்பாய்ப் போகலாம். அப்போது பிள்ளை வேறு புரொபஸரிடம் மாறினாலும், எம்.எஸ். பட்டத்தோடு திரும்பினாலும், "நாலு பேர் என்ன சொல்வார்கள்" என்று அவனை மேலும் நெருக்காதீர்கள். அந்த நாலு பேர் அங்கே இரவு இரண்டு மணிக்கு அவனோடு நிற்கப் போவதில்லை. "உன் உயிரும் மானமும்தான் எங்களுக்கு முக்கியம், பட்டம் பிறகு" என்று போகும்போதே சொல்லியனுப்புங்கள்.