சாவி யார் கையில்?

(சிறு கம்ப்யூட்டர் தொழில் செய்வோர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



அமெரிக்காவில் நடந்த ஒரு சங்கதியைச் சொல்கிறேன். கேபிள் டெலிவிஷன் பெட்டி, கேபிள் கம்பெனியிடம் மட்டுமின்றிப் பொதுச் சந்தையிலும் கிடைக்க வேண்டும் என்று 1996-ல் அங்கே சட்டம் வந்தது. அதன் விளைவாகப் பிறந்ததே கேபிள் கார்டு. பூட்டிய சானல்களைத் திறக்கும் சாவி அது.

2007-ல் கம்ப்யூட்டருக்கும் இந்தக் கார்டு போடும் டியூனர் வந்தது. சிறு கடைக்காரருக்கு வாழ்வு வந்ததா? இல்லை. டியூனர் தனியாக விற்பனைக்கு இல்லை! முழுக் கம்ப்யூட்டரையும் சோதனைக்கு வைத்துச் சான்றிதழ் பெற்ற பெரிய கம்பெனிகள்தான் அதை உள்ளே வைத்து விற்கலாம். விதி வகுத்தது யார்? கேபிள்லேப்ஸ். கேபிள் கம்பெனிகளே 1988-ல் ஏற்படுத்திக்கொண்ட ஸ்தாபனம்! அதே பாகங்களைச் சேர்த்துக் கம்ப்யூட்டர் செய்யும் சிறு தொழில்காரருக்கு வழி அடைபட்டது.

திருட்டு நகலைத் தடுக்கவே இந்தக் கட்டுப்பாடு என்றார்கள். அப்படியானால், விண்டோஸ் 7 கம்ப்யூட்டரில் யார் வேண்டுமானாலும் டியூனரைப் பொருத்தலாம் என்று 2009 செப்டம்பரில் எப்படி அறிவித்தார்கள்? செய்தவர் சிறியவர் என்பதால் ஆபத்தில்லை என்று அவர்களே ஒப்புக்கொண்டதாகத்தானே அர்த்தம்!

இதற்குள் இரண்டு ஆண்டுக்கு மேல் வியாபாரம் போயிற்று. 2020-ல் கேபிள் கார்டு பற்றிய கட்டாய விதிகளையே அங்குள்ள தகவல் தொடர்புக் கமிஷன் நீக்கிவிட்டது.

சந்தை திறந்திருக்கிறது என்று சட்டம் சொன்னால் போதாது, தோழர்களே! சான்றிதழ் தரும் அதிகாரம் லாபத்தில் பங்குள்ளவனிடம் இருக்கக் கூடாது. பொது ஸ்தாபனத்திடம் இருக்க வேண்டும். சோதனைக் கட்டணம் சிறியவருக்கும் எட்ட வேண்டும். தனிக் கடை கேட்டால் காதில் விழாது. சங்கமாகச் சேர்ந்து கேட்போம்!