அரங்கச் சொற்களும் கவிஞரும்



1891ஆம் ஆண்டு தமிழ் நாடக வரலாற்றில் இரு நிகழ்ச்சிகளைக் கண்டது. பேராசிரியர் பெ. சுந்தரம் பிள்ளையின் 'மனோன்மணீயம்' வெளிவந்தது. அதே ஆண்டில், சென்னையில் பம்மல் சம்பந்த முதலியாரும் நண்பர்களும் சுகுண விலாச சபாவைத் தோற்றுவித்தனர். முன்னது படிப்பதற்கென எழுந்த கவிதை நாடகம். பின்னது நடிப்பதற்கென எழுந்த அவை. கவிஞர் பலர் முன்னதன் வழியிலேயே சென்றனர். ஏட்டில் சிறந்த கவிதை நாடகங்கள் பல மேடையேறாமல் நிற்பதற்கு, எழுதுவோர் அரங்கின் சொற்களை அறியாமையும் ஒரு காரணம். புதிதாக நடிக்க வருவோர் முதல் வாரத்தில் கற்கும் சொற்கள் கவிஞருக்கும் உரியவையே.

முதலில் இடம் பற்றிய சொற்கள். மேடையின் வலம், இடம் என்பவை அவையோரை நோக்கி நிற்கும் நடிகரின் வலமும் இடமும் ஆகும். இதை மறந்த புதியவர் எதிரே வருபவர்மீது மோதிக்கொள்வார். ஆங்கில அரங்கில் மேடையின் பின்பகுதியை 'மேல்' என்பர். பழைய மேடைகளின் தளம் பின்னோக்கி உயர்ந்து சென்றதே காரணம். அதை அப்படியே பெயர்த்து 'மேலே போ' என்றால் தமிழ் நடிகர் கூரையைப் பார்ப்பார். 'பின்மேடைக்குப் போ' என்பதே போதும்.

அடுத்தது திரை. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி எனத் திரையை மூவகைப்படுத்துகிறது. ஒன்று ஒரு பக்கமிருந்து வருவது. மற்றொன்று இருபுறமிருந்தும் வந்து பொருந்துவது. மூன்றாவது மேலே மறைந்திருந்து இறங்குவது. ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம் என அரங்கின் அளவையும், தூண்களின் நிழல் ஆடுமிடத்தில் விழாதவாறு விளக்கு வைக்கும் முறையையும் இளங்கோவடிகள் கூறுகிறார். நிழலில் நின்று பேசும் புதியவரை 'வெளிச்சத்துக்கு வா' என்று இன்றைய இயக்குநர் அழைப்பதும் அதே கவலையால்தான். தெருக்கூத்திலோ திரை இருவர் கையில் பிடிக்கும் ஒரு துணி. அதன் பின்னே நின்று பாடி, சிறிது சிறிதாகத் தன்னைக் காட்டி, பின்னரே வேடம் வெளிப்படும். பிரவேசம் என்னும் சொல்லை அங்கே கற்றவருக்கு, வருவதே ஒரு நடிப்பு என்பது விளங்கும்.

மூன்றாவது பாடமும் ஒத்திகையும். பாடம் என்பது தன் பேச்சை மனத்தில் கொள்வது. தனியே இருந்து செய்யக்கூடியது. ஒத்திகை பிறரோடு ஒத்துப்போகப் பழகுவது. தனியே செய்ய இயலாதது. பாடம் முடிந்ததும் ஒத்திகையும் முடிந்ததாக எண்ணுவதே தொடக்க நடிகரின் பெரும் பிழை. முன்னவர் பேச்சின் கடைசிச் சொல்லைக் கேட்டுத் தன் பேச்சைத் தொடங்க வேண்டும். அச்சொல்லை நாடகக் குழுவினர் 'கியூ' என்பர். அதைத் தவறவிட்டால் உடன் நடிப்பவர் மேடை நடுவே ஊமையாய் நிற்க நேரும்.

இங்கே கவிஞருக்கு ஒரு பொறுப்பு உண்டு. தமிழ்த் தொடரின் வினைமுற்று பெரும்பாலும் ஈற்றில் நிற்பது. 'கொன்றான்' என்பதா 'காத்தான்' என்பதா என்பது கடைசிச் சொல்லில்தான் தெரியும்; எதிரே நிற்பவரின் முகம் மாறவேண்டிய கணமும் அதுவே. யாப்பிற்காக வினையை முன்னே கொணர்ந்து, அடைமொழிகளைப் பின்னே அடுக்கினால், கேட்பவர் முன்பே அறிந்ததற்குக் காத்து நிற்கிறார். ஏட்டில் அழகான அடி மேடையில் தளர்வது இவ்வாறே.

நான்காவது மெய்ப்பாடு. நகை முதல் உவகை ஈறாக எட்டினைத் தொல்காப்பியர் வகுத்தார். மெய்யில் தோன்றுவதே மெய்ப்பாடு. 'உள்ளம் கொதிக்கிறது' என்று பாத்திரம் நான்கு அடிகள் பேசினால், நடிகரின் உடலுக்கு வேலையில்லை. கையிலுள்ள கிண்ணத்தை மெல்ல வைக்கச் செய்தால் வெகுளி அவையோர் கண்முன் நிற்கும்.

பிறமொழிச் சொல் என்று எதையும் தள்ள வேண்டுவதில்லை. 'பார்ட்' என்னும் ஆங்கிலச் சொல் ராஜபார்ட், ஸ்திரீபார்ட் எனத் தமிழ் மேடையில் ஊறிப்போயிற்று. எம்மொழிச் சொல்லாயினும் அது நடிகரை எங்கே நிறுத்துகிறது, எப்போது பேசவைக்கிறது, என்ன செய்யவைக்கிறது என்பதே கேட்கத்தக்கது.

நாடகம் எழுத விழையும் கவிஞர், எழுதும் முன் ஓர் ஒத்திகையின் மூலையில் முழுதும் அமர்ந்திருப்பாராக. தம் அடிகளைப் பிறர் வாயில், பிறர் மூச்சில் கேட்பாராக. எங்கே மூச்சு முட்டுகிறதோ அங்கே திருத்துவாராக. படிக்கும் நாடகத்திற்கும் நடிக்கும் நாடகத்திற்கும் இடையே ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நிற்கும் இடைவெளி அந்த மூலையிலிருந்தே குறையத் தொடங்கும்.