ஆலங்குச்சி கத்துக்கொடுத்த பொறுமை

கடையில வாங்கின என் முதல் போன்சாய் ரெண்டே மாசத்துல செத்துப்போச்சு. தப்பு என்னோடதுதான், ஏசி ரூம்ல, மேசை மேல வச்சிருந்தேன். போன்சாய் ஷோபீஸ் இல்ல, வெயில் கேட்கிற மரம்.

அடுத்து, ஆலமரத்துல பென்சில் தடிமன்ல ஒரு குச்சி வெட்டினேன். வடிஞ்ச பாலைத் துடைச்சு, ரெண்டு மூணு இலையை மட்டும் விட்டு, ஈரமான ஆத்து மணல்ல நட்டு, பால்கனி நிழல்ல வச்சேன். சர்வர் லாக் மாதிரி தினமும் பிடுங்கிப் பார்க்கக் கை பரபரக்கும். பார்த்தா புது வேர் அறுந்துடும்! துளிர் நல்லா வளர்ந்த பிறகு, கொஞ்சம் கொஞ்சமா வெயிலுக்குப் பழக்கினேன்.

மூணு வருஷம் ஆச்சு. இன்னும் பெரிய தொட்டியிலதான் இருக்கு. அடிமரம் தடிச்ச பிறகுதான் தட்டையான தொட்டி. இந்தத் தடவை எனக்கு அவசரமே இல்ல.